காளை சிலை முன்னால் கத்திப் பயனில்லை: நியூயார்க் போராட்ட இடங்களைச் சுற்றிக் காட்டும் நடை எப்படி இருக்கிறது?

நியூயார்க்கில் பெரும் பணக்காரர்களுக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்த இடங்களை மட்டும் காட்டுகிற ஒரு நடைச் சுற்றுலா இருக்கிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாளாக நடத்துகிறார். தலைக்கு 40 டாலர், பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. குறைகளும் எழுதப்போவதால் அவர் பெயரை இங்கே போடவில்லை, போக விரும்புகிறவர்கள் தனியாகக் கேட்டால் விவரம் தருகிறேன். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். குடியிருப்பிலோ வேலையிடத்திலோ ஏதாவது போராட்டம் நடத்த யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும்.

நான் போனதே அதற்காகத்தான். நியூஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் வருஷா வருஷம் வாடகை ஏறுகிறது, லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றால் ஆள் வர நான்கு நாள் ஆகிறது. கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இதுபோல இன்னும் பல கட்டடங்கள் உண்டு. குடியிருப்போர் சங்கம் கூடி ‘போராடுவோம்’ என்று முடிவெடுத்தாகிவிட்டது. எங்கே போய் நிற்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. வாடகை ஆபீஸ் வாசலா, அவர் வீட்டு வாசலா, நகர மன்ற வாசலா? இந்த நேரத்தில்தான் ஒருவர் இந்த நடையைப் பற்றிச் சொன்னார். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

நடை தொடங்குவது மன்ஹாட்டனின் தென்முனையில் இருக்கும் பௌலிங் கிரீன் பூங்காவில், அந்த வெண்கலக் காளை சிலை பக்கத்தில். ஆர்ட்டுரோ டி மோடிகா என்ற சிற்பி 1989 டிசம்பரில் யாரிடமும் அனுமதி வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பங்குச் சந்தை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து அகற்றினார்கள், பிறகு இங்கே வைக்கப்பட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டி நின்று படம் எடுக்கிறார்கள். 2011-இல் கனடாவின் ஆட்பஸ்டர்ஸ் பத்திரிகை ‘வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்’ என்று போட்ட போஸ்டரில் இதே காளை மேல்தான் ஒரு நடனக்காரி நின்றாள். அதனாலேயே போலீஸ் இதைச் சுற்றி வேலி போட்டது. 2019 அக்டோபரில் சூழலியல் போராட்டக்காரர்கள் போலி ரத்தத்தை ஊற்றினார்கள், கழுவிவிட்டார்கள், வரிசை மறுபடி தொடங்கிவிட்டது. ஆசிரியை இங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ‘இது படத்துக்கான இடம், போராட்டத்துக்கான இடம் இல்லை’ என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

போகும் வழியில் அக்கா மகன் காதோரம் சொன்னான்: “மாமா, இந்த வால் ஸ்ட்ரீட்டுல பெரிய பேங்க் ஒண்ணுமே இல்ல, தெரியுமா? எல்லாம் மன்ஹாட்டன் நடுவுல இருக்கற மிட்டவுனுக்குப் போயாச்சு. பங்கு வாங்குறது விக்கிறதெல்லாம் நம்ம ஜெர்சில மாஹ்வாங்கற ஊர்ல இருக்கற சர்வர்ல நடக்குது. இங்க கத்துனா சர்வருக்கா கேக்கும்?” உண்மைதான். ஜேபி மார்கன் பார்க் அவென்யூவில் இருக்கிறது, மார்கன் ஸ்டான்லி டைம்ஸ் ஸ்கொயரில், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கோபுரம் பிரையன்ட் பார்க் ஓரத்தில். கோல்ட்மன் சாக்ஸ் கீழ் மன்ஹாட்டனில் இருந்தாலும் வால் ஸ்ட்ரீட்டில் இல்லை, ஆற்றோரம். பெயர்தான் வால் ஸ்ட்ரீட், ஆட்கள் வேறெங்கோ. இதை ஆசிரியையே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. போராட இடம் தேடுகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதானே.

அடுத்து பங்குச் சந்தைக் கட்டடம். இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த காசு இந்த ஒரு இடத்திலேயே தேறிவிட்டது. எதிரே ‘அஞ்சாத சிறுமி’ சிலை நிற்கிறது. 2017 மார்ச்சில் ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனம் காளையை எதிர்த்து நிற்பதுபோல வைத்த சிலை, அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கே மாற்றினார்கள். வைத்த அதே ஆண்டில், பெண் அதிகாரிகளுக்கும் கறுப்பின அதிகாரிகளுக்கும் சம்பளம் குறைத்துக் கொடுத்த புகாரில் அதே நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டு ஆசிரியை எங்களைக் கட்டடத்தின் பக்கம் திருப்பி நிற்க வைத்து, இதே கட்டடத்துக்குள் நடந்த இரண்டு போராட்டங்களை விவரித்தார்.

1967 ஆகஸ்டில் ஆபி ஹாஃப்மன் என்ற போராட்டக்காரரும் நண்பர்களும் பார்வையாளர் மாடத்திலிருந்து டாலர் நோட்டுகளைக் கீழே வீசினார்கள். புரோக்கர்கள் சிலர் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள், சிலர் கூச்சல் போட்டார்கள். உலகமே பேசியது. அப்புறம் அந்த மாடத்துக்குக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது 1989 செப்டம்பர் 14. எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பினர். எய்ட்ஸ் கிருமிக்கு எதிராக அப்போது அனுமதி பெற்றிருந்த ஒரே மருந்து ஏஇசட்டி. ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 8000 டாலர் விலை, தயாரித்தது பரோஸ் வெல்கம். அந்த ஏப்ரலில் வட கரோலினாவில் அந்தக் கம்பெனியின் தலைமையகத்துக்குள்ளேயே போய் ஓர் அறையில் பூட்டிக்கொண்டு போராடியிருந்தார்கள். விலை இறங்கவில்லை. செப்டம்பரில் பீட்டர் ஸ்டேலி உட்பட ஏழு பேர் கோட்டு சூட்டு போட்டு, வியாபாரிகள் அணிவதுபோல் போலி பேட்ஜ் குத்திக்கொண்டு, காலையில் ஊழியர்களோடு ஊழியர்களாக உள்ளே நுழைந்தார்கள். ஐந்து பேர் மாடத்தில் சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொண்டார்கள், ‘வெல்கம் பங்கை விற்றுவிடு’ என்ற பதாகையை விரித்தார்கள், வியாபாரம் தொடங்கும் 9:30 மணி அடிக்கும் நேரத்தில் கையில் இருந்த ஊதுகுழல்களை ஊதி அந்த மணிச் சத்தத்தையே மூழ்கடித்தார்கள். மற்ற இருவருக்கும் படம் எடுத்து வெளியே கொண்டுபோவதுதான் வேலை. நான்கே நாளில் கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தது.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று கேட்டபோதுதான் எங்கள் சங்கத்தின் மூன்று வாசல் சண்டை எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. கட்டடம் ஒன்றேதான். ஹாஃப்மன் பணத்தாசையைக் கேலி செய்தார், அதற்குச் சரியான மேடை. ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆக்ட் அப் ஒரே கம்பெனியை, ஒரே மருந்தை, ஒரே கோரிக்கையை எடுத்துக்கொண்டு, பங்கு வியாபாரிகள் கூடும் அறைக்கே போனது. தலைமையகத்தில் செக்யூரிட்டியும் மேனேஜரும்தான் பார்ப்பார்கள், இங்கே அத்தனை முதலீட்டாளர்களும் பார்த்தார்கள். எதிராளிக்கு எது இல்லாமல் முடியாது என்று கண்டுபிடித்து அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், எதிராளியின் பக்கத்தில் நிற்பதே போதாது. இப்படி யோசிக்கிறவர்கள் குறைவு. கோபம் வந்ததும் பெரிய பெயர்ப் பலகை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம்.

எதிர் மூலையில் 23 வால் ஸ்ட்ரீட், பழைய மார்கன் வங்கிக் கட்டடம். 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி பகல் வேளையில் குதிரை வண்டியில் வைத்த குண்டு இங்கே வெடித்தது. அதன் தழும்புகள் சுவரில் அப்படியே இருக்கின்றன, சில குழிகளில் விரல் நுனியே உள்ளே போகிறது. செத்தவர்கள் 38 பேர், பெரும்பாலும் எழுத்தர்கள், தட்டச்சுப் பெண்கள், தபால் கொண்டுபோகும் பையன்கள். யார் வைத்தது என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. இதைப் போராட்டப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, கொலை என்றே சொல்ல வேண்டும் என்று ஆசிரியை தெளிவாகச் சொன்னார். பணக்காரனைக் குறிவைக்கிறேன் என்று கிளம்பியவன் கூலிக்காரனைக் கொன்ற இடம் அது. கூட வந்த சிலர் அந்தக் குழிகளோடு செல்ஃபி எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜுக்கோட்டி பூங்காவில்தான் அதிக நேரம். 2011-இல் ‘வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்’ போராட்டம் நடந்தது இங்கேதான், ஆசிரியை அப்போது இங்கேயே இரவு தங்கியவர். பிராட்வே பக்கம் சிற்பி டி சுவெரோவின் உயரமான சிவப்பு இரும்புச் சிற்பம், உள்ளே கல் பெஞ்சுகள், ஒல்லி மரங்கள். இந்தச் சின்ன இடமா என்றுதான் முதலில் தோன்றும், 33,000 சதுர அடிதான். ஆனால் இந்த இடம் வாய்த்த கதை அருமை. போராட்டக்காரர்களின் முதல் தேர்வு சேஸ் மன்ஹாட்டன் பிளாசா, அடுத்தது பௌலிங் கிரீன். போலீஸ் மோப்பம் பிடித்து இரண்டையும் வேலி போட்டு அடைத்துவிட்டது. மூன்றாவது தேர்வுதான் ஜுக்கோட்டி. நகராட்சிப் பூங்கா என்றால் ராத்திரி பூட்டிவிடுவார்கள். இது தனியார் பூங்கா. 1968-இல் யுஎஸ் ஸ்டீல் கம்பெனி தன் கட்டடத்தைக் கூடுதல் உயரம் எழுப்பிக்கொள்ள அனுமதி வாங்கியது, அதற்குப் பதிலாகப் பொதுமக்களுக்கு விட்ட இடம் இது. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தக்காரரான புரூக்ஃபீல்டு புகார் கொடுக்காமல் போலீஸால் கூட்டத்தைக் கலைக்கவும் முடியவில்லை. முதலாளிக்குக் கொடுத்த சலுகையின் நிபந்தனையை வைத்தே முதலாளிகளுக்கு எதிராக செப்டம்பர் 17-லிருந்து நவம்பர் 15 நள்ளிரவுக்குப் பிறகு வெளியேற்றும்வரை, இரண்டு மாதம் உட்கார்ந்தார்கள்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்பதால் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல, அது அலை அலையாகப் பின்னால் போகுமே, ‘மனித மைக்’, அதை எங்களை வைத்தே செய்துகாட்டினார். பத்துப் பேர்தான், ஆனாலும் பிராட்வேயின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் சேர்ந்து சொன்னார். என் அக்கா மகன், காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவன், அடுத்த வாக்கியத்தை நான் சொல்கிறேன் என்று முன்னால் போய் நின்றான்.

இங்கே ஆசிரியையோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவருக்கு ஜுக்கோட்டி கோயில். தங்குவதற்கு அருமையான இடம், பணக்கார ஒரு சதவீதத்துக்கு எதிராக ‘நாங்கள் 99 சதவீதம்’ என்ற முழக்கத்தை உலகத்தின் வாயில் போட்ட இடம், மறுக்கவில்லை. ஆனால் நாள் ஆக ஆகப் பேச்செல்லாம் வங்கியைப் பற்றி என்பது போய்ப் பூங்காவைப் பற்றி ஆகிவிட்டது. கூடாரம் போடலாமா, கழிப்பறை எங்கே, பூங்காவைச் சுத்தம் செய்வது யார்? அக்டோபர் நடுவில் புரூக்ஃபீல்டு ‘சுத்தம் செய்யப்போகிறோம்’ என்று சொல்லி அவர்களை எழுப்பப் பார்த்தது, போராட்டக்காரர்களே விடிய விடியத் துடைத்துக் கழுவினார்கள், கம்பெனி பின்வாங்கியது. அந்த வெற்றியை ஆசிரியை கண் கலங்கச் சொன்னார், எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அது பூங்காவைக் காப்பாற்றிய வெற்றிதான், அந்த இரவில் எந்த வங்கிக்கும் ஒரு சென்ட் நஷ்டம் இல்லை. இப்போது அங்கே தொங்கும் பலகையில் கூடாரம் கூடாது, பெஞ்சில் படுக்கக் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அன்றைய ஓட்டையை அடைத்துவிட்டார்கள், அதே வழியில் இன்னொரு முறை நுழைய முடியாது.

நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையும் அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். இந்தக் கூட்டம் பூங்காவில் உட்கார்ந்திருந்த அதே 2011 அக்டோபர் 13-ஆம் தேதி, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மத்திய நீதிமன்றத்தில், கொழும்பில் பிறந்த தமிழரான, கேலியன் முதலீட்டு நிறுவனத்தின் ராஜ் ராஜரத்தினத்துக்கு உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த குற்றத்துக்கு 11 ஆண்டு சிறை விதித்தார்கள். பெரும் கோடீஸ்வரர் ஒருவர் நிஜமாகவே தண்டனை வாங்கிய இடம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆசிரியை குறித்துக்கொண்டார், வழித்தடத்தில் சேர்ப்பாரா தெரியாது.

அப்புறம் வால் ஸ்ட்ரீட் நிலையத்தில் மெட்ரோ ஏறி 86-ஆம் தெரு. ரயிலில் போகும்போது 2011 அக்டோபர் 11-ஆம் தேதி நடந்த ‘கோடீஸ்வரர் ஊர்வலம்’ பற்றிச் சொன்னார். ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக், ஜேபி மார்கன் தலைவர் ஜேமி டைமன், தொழிலதிபர் டேவிட் கோக் போன்றவர்களின் வீடுகள் இருந்த தெருக்கள் வழியாகப் போனது. வீட்டு வாசல் போராட்டம் எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. நாம் கத்துவதைக் கேட்பவர் பெரும்பாலும் வாசல் காவல்காரர்தான், அவரே தொழிற்சங்கத்தில் இருக்கும் தொழிலாளி. ஆனால் அந்த ஊர்வலத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் பெருவருமானக்காரர்கள் மேல் இருந்த கூடுதல் வரி அந்த டிசம்பரோடு முடியவிருந்தது, அதை நீட்டிக்கச் சொல்லிப் போனார்கள். டிசம்பரில் மாநிலச் சட்டமன்றம் பெருவருமானத்துக்கு ஒரு புது வரி அடுக்கு கொண்டுவந்தது, பழைய கூடுதல் வரியின் முழு அளவு இல்லை, ஆனாலும் இருந்ததெல்லாம் போகாமல் நின்றது. ஊர்வலம் ஒன்றால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் தேதியும் கோரிக்கையும் கையில் இருந்ததால் அதைக் கூச்சல் என்று யாரும் ஒதுக்கவில்லை.

கடைசி நிறுத்தம் மெட்ரோபாலிட்டன் மியூசியம், சுருக்கமாக மெட். இந்த நடையின் உச்சம் இதுதான், ஆனால் ஆசிரியை அவசர அவசரமாக முடித்துவிடுகிறார். ஆக்சிகான்டின் என்ற வலி மாத்திரையை 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனியின் சாக்லர் குடும்பம், உலகம் முழுக்க மியூசியங்களுக்கு நன்கொடை கொடுத்துப் பெயரைப் பொறித்துக்கொண்டது. எகிப்திலிருந்து வந்த டெண்டூர் கோயில் நிற்கும் கூடத்தோடு சேர்ந்த பகுதிக்கே 1978-லிருந்து அவர்கள் பெயர்தான் இருந்தது. அந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், கம்பெனி வாசலுக்குப் போகாமல் முதலில் இங்கே வந்தார். 2018 மார்ச் 10. கோயிலுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஆரஞ்சு நிற மாத்திரைக் குப்பிகளை அள்ளி எறிந்தார்கள், பிணம்போலத் தரையில் படுத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கூகன்ஹைம் மியூசியத்தின் சுழல் மாடியிலிருந்து ஆயிரக்கணக்கான போலி மருந்துச் சீட்டுகளைப் பறக்கவிட்டார்கள்.

அந்தக் கூடத்தில் நின்று பார்த்தால்தான் தேர்வு எவ்வளவு கச்சிதம் என்று புரிகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே சென்ட்ரல் பார்க், உள்ளே ஆழமில்லாத கறுத்த தண்ணீர், சுற்றிலும் மக்கள். குப்பி விழுந்தால் சத்தம் எதிரொலிக்கும், மிதந்தால் படம் தானாக அமையும். கம்பெனிக்குப் பணத்தால் வலிக்காது, வழக்குச் செலவு என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். குடும்பத்துக்கு வேண்டியிருந்தது மதிப்பு. அந்த மதிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது மியூசியம். மியூசியத்துக்கோ கோல்டின் போன்ற கலைஞர்களின் தயவு வேண்டும், அவர் படங்களே இங்கே சேகரிப்பில் இருக்கின்றன. லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி அந்தப் பணத்தை வாங்கினால் அங்கே தன் கண்காட்சி நடக்காது என்றார் அவர். 2019 மார்ச்சில் அந்த 10 லட்சம் பவுண்டு நன்கொடை கைவிடப்பட்டது. லண்டனின் டேட், நியூயார்க்கின் கூகன்ஹைம், மெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக இனி வாங்க மாட்டோம் என்றன. அந்த ஜூலையில் பாரிஸின் லூவர் மியூசியம் சாக்லர் பெயரை எடுத்தது, 2021 டிசம்பரில் மெட் ஏழு இடங்களிலிருந்து எடுத்தது. ஆசிரியை இதற்குக் கொடுத்தது கால் மணி நேரம்கூட இருக்காது. பசங்களை உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டிய இடம் இது.

மற்ற குறைகள்: மெட் நுழைவுக் கட்டணம் அந்த 40 டாலரில் சேராது, முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. நியூயார்க் மாநிலத்துக்காரர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம், நம் ஜெர்சிக்காரர்கள் மாணவர்களோ குழந்தைகளோ முதியவர்களோ இல்லாவிட்டால் 30 டாலர் முழுசாகக் கட்ட வேண்டும். கீழ் மன்ஹாட்டனில் கழிப்பறைக்கு நிறுத்தவே இல்லை, வயதானவர்களைக் கூட்டிப்போனால் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். தெருவில் அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்பதில்லை, மனித மைக்கை வழி முழுக்கப் பயன்படுத்தலாம், நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விட்னி மியூசியம் வழித்தடத்திலேயே இல்லை. கண்ணீர்ப்புகைக் குண்டு தயாரிக்கும் கம்பெனி வைத்திருந்த வாரன் கேண்டர்ஸ், வாராவாரம் உள்ளேயே நடந்த போராட்டத்துக்கும் கலைஞர்கள் தங்கள் படைப்பைத் திரும்பக் கேட்டதற்கும் பிறகு 2019 ஜூலையில் அறங்காவலர் குழுவிலிருந்து விலகிய இடம் அது. அதை விட்டது பெரிய குறை.

எங்கள் கதைக்கு வருகிறேன். திரும்பி வந்து சங்கக் கூட்டத்தில் ஒரே கேள்வியைப் போட்டேன்: நம் கட்டடச் சொந்தக்காரருக்கு இப்போது அவசரமாக என்ன வேண்டும்? எங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம், நாங்கள் போனால் வேறு ஆள் வருவான். பேசிப் பேசிக் கடைசியில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு பெரியம்மா சொன்னார், சொந்தக்காரர் ஆற்றுப் பக்கம் புதுக் கட்டடம் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார், நகரத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்கு நிற்கிறது என்று. அந்த விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது, பேர் கொடுத்தால் யாரும் பேசலாம், பதிவாகும். வாடகை ஆபீஸ் வாசலில் அட்டை பிடிக்கும் திட்டத்தைக் கைவிட்டு, ஹீட்டர் நின்ற நாட்களின் புகார் ரசீதுகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே போய் அவருக்கு முன்னாலேயே, அவர் வக்கீலுக்கு முன்னாலேயே, குழுவிடம் படிக்கப்போகிறோம்.

நடைக்குப் போகிறவர்கள் புதன்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மெட் விடுமுறை. வெள்ளி, சனியில் இரவு 9 மணிவரை திறந்திருக்கும். நடை முடிந்ததும் ஆசிரியையை அனுப்பிவிட்டு அந்தக் கூடத்தில் இன்னும் ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டு வாருங்கள்.